திரையிலே விழுந்த மண்

இருட்டறை. நடுவிலே ஒரு மேசை. அதன்மீது, கையாற் செய்த தடித்த தாளிலே கட்டிய பெரியதோர் ஏடு விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. மேலேயிருந்து ஒளி பாய்கிறது. தாளிலே எழுத்தும் இருக்கிறது. எழுத்தின்மீதே உருவங்கள் அசைகின்றன. பார்ப்பவன் பக்கத்தைப் புரட்டுகிறான். படமும் அவன் விரலோடு சேர்ந்து அடுத்த பக்கத்துக்கு வருகிறது. இன்னொரு பக்கம் பெரிய திரை. அதிலே வயல், மரம், நீர், காற்றிலே சாயும் புல். கதாநாயகன் இல்லை, காதல் இல்லை, சண்டை இல்லை. அப்பால் வரிசை வரிசையாக நெல் விதைகள்: 250க்கும் மேற்பட்ட வகைகள், ஒவ்வொன்றும் தனித்தனியே, சான்றுப் பொருள்போல!

ஆம், சான்றுப் பொருள்தான். அமர் கன்வர் என்னும் தில்லிக் கலைஞர் ஒடிசா மாநிலத்து நிலப் போராட்டங்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து உருவாக்கிய படைப்பு அது. 'தி சாவரின் ஃபாரஸ்ட்' என்று பெயர். இறையாண்மை கொண்ட காடு என்று பொருள் கொள்ளலாம். அதிலே ஓடும் படத்தின் பெயர் 'தி சீன் ஆஃப் க்ரைம்', குற்றம் நிகழ்ந்த இடம். அரசும் ஆலை முதலாளிகளும் எடுத்துக்கொள்ளக் குறித்துவைத்த நிலங்களை, அவை அழிவதற்கு முன்பே படம் பிடித்தார். கொலை நடப்பதற்கு முன்னரே, கொலையுண்ணப் போகிறவனின் முகத்தைப் பதிந்து வைப்பது போன்ற செயல். 2012ஆம் ஆண்டிலே ஜெர்மனியின் காசெல் நகரத்து 'டாக்குமெண்டா' கலைவிழாவிலே அது காட்டப்பட்டது. அதே ஆண்டிலே புவனேசுவரத்திலும், அந்த மண்ணுக்குரியவர்கள் வந்து பார்க்கும்படி வைக்கப்பட்டது.

நான் காசெலுக்குப் போனவனல்லன். பள்ளி ஆசிரியன் சம்பளத்தில் காஞ்சிக்குப் போய்வருவதே பெரும்பாடு. படித்தும், படங்களிலே பார்த்தும் அறிந்ததைத்தான் சொல்கிறேன். இந்தக் கலைவகைக்கு நிறுவல் என்று பெயர் சொல்கிறார்கள். படத்தை ஒரு கொட்டகைத் திரையிலே ஓட்டிவிட்டு விளக்கைப் போடுகிற வேலை இங்கே கிடையாது. அறை முழுவதுமே படைப்பு. திரை, ஒலி, பொருள், இருட்டு, பார்ப்பவன் நடக்கும் நடை, எல்லாமே அதிலே அடக்கம். சூசன் ஹில்லர் என்ற கலைஞர் 2007ஆம் ஆண்டிலே 'தி லாஸ்ட் சைலண்ட் மூவி' என்று ஒன்று செய்தார். திரையிலே படமே கிடையாது, கறுப்புத் திரை. அழிந்துபோன, அழிந்துகொண்டிருக்கின்ற மொழிகளிலே மனிதர் பேசிய பழைய ஒலிப்பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கின்றன. கீழே பொருள் எழுத்திலே ஓடுகிறது. பேசியவர் இல்லை; சிலவற்றிலே பேச்சைப் புரிந்துகொள்ளவும் ஆளில்லை. நாடகத்தையும் திரைப்படத்தையும் கருத்துப் போருக்குக் கருவியாக்கிக் காட்டிய நாட்டவர் நாம். மொழி, முன்னோர், நிலம் மூன்றையும் ஓர் இருட்டறையிலே கூட்டிவைத்துக் கேள்வி கேட்கும் இந்தப் புதுக்கருவியை, பணக்காரன் வீட்டுக் கூடத்துப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை.

மேலும், ஒடிசா நமக்குத் தொலைவன்று. திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் ஆலைச் சாலையிலே மாலை நேரத்தில் நின்று பாருங்கள். பேருந்துகள் இளைஞர்களைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. காதைத் தீட்டிக்கொண்டால் ஒடியா கேட்கும், இந்தி கேட்கும், போச்புரி கேட்கும், தெலுங்கு கேட்கும், நமது தென்மாவட்டத் தமிழும் கேட்கும். 2006 சனவரி 2ஆம் நாள் ஒடிசாவின் கலிங்கநகரிலே, எஃகு ஆலைக்குச் சுவரெழுப்ப வேண்டாமென்று நின்ற ஆதிவாசிகள் 13 பேரைத் துப்பாக்கி குடித்தது. அந்த மாநிலத்தின் பிள்ளைகள் இன்று நம் ஒரகடத்திலே வேறோர் ஆலைச் சுவருக்குள் வேலை செய்கிறார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளிலே ஒருவன் என் வகுப்பிலே மூன்றாம் வரிசையில் அமர்ந்து 'அறம் செய விரும்பு' எழுதுகிறான்.

அமர் கன்வரின் இருட்டறையை ஒரகடத்திலே அமைத்தால் திரையிலே எதைக் காட்டுவது? இந்தக் கேள்விதான் என்னைச் சில மாதங்களாகத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

ஆலைகளைக் காட்டலாம், அது எளிது. 1996ஆம் ஆண்டிலே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால் வைத்தது. இரண்டாண்டுகளில் கார்கள் வெளிவந்தன. 2006ஆம் ஆண்டு நோக்கியா கைப்பேசி செய்யத் தொடங்கியது; ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் முதன்முதலாகச் சம்பளச் சீட்டைக் கையிலே பிடித்தார்கள்; 2014ஆம் ஆண்டு நவம்பரிலே ஆலை மூடிக்கொண்டது. பின்னர் அந்த இடம் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. ஒரகடத்திலே ரெனோ நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு. 2024ஆம் ஆண்டு சுங்குவார்சத்திரத்திலே சாம்சங் தொழிலாளர் சங்க உரிமை கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்ததை நாடே பார்த்தது. அதற்கும் இரண்டாண்டு முன்னே, பரந்தூரில் விமான நிலையம் வருமென்று அறிவிப்பு வந்ததும் ஏகனாபுரத்து மக்கள் ஏரியும் கழனியும் போகுமே என்று போராடத் தொடங்கினார்கள். நான் ஆலைக்குப் பகைவனல்லன். ஏரும் கலப்பையும் புனிதம், எந்திரம் பாவம் என்று பேசுவது வேலையற்ற பேச்சு. பண்ணையாள் வீட்டுப் பிள்ளை சம்பளத்தாளாக மாறியதிலே ஒரு விடுதலை இருக்கிறது என்பதை என் மாணவர் வீடுகளிலே கண்ணாரக் கண்டவன் நான். ஆனால் ஆலைக்கு நிலம் எடுத்தபோது இழப்பீடு யாருக்குப் போயிற்று? பட்டாவிலே பெயர் இருந்தவனுக்குப் போயிற்று. உழுதவனுக்கு? நாற்று நட்டவளுக்கு? பட்டாவிலே பெயர் ஏன் இல்லை என்று தோண்டினால், அங்கே வரலாறு வெடிக்கிறது. அதைத்தான் திரையிலே காட்டவேண்டும்.

அடியிலிருந்தே தோண்டுவோம்.

1863 மே 30ஆம் நாள். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர், பல்லாவரத்திலே செம்மண் சரளையிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கினார். மனிதக் கை செதுக்கிய கல்! அவ்வாண்டிலேயே கொற்றலையாற்றுப் பகுதியின் அத்திரம்பாக்கத்திலும் கைக்கோடரிகள் கிடைத்தன. அந்த அத்திரம்பாக்கத்தைத்தான் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, 2011ஆம் ஆண்டிலே, அங்குள்ள பழைய கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுக்கு முற்பட்டவை என்று நிறுவினர். ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டு என்று ஒரு சிற்றூர். 2022ஆம் ஆண்டிலே இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தது. கற்கருவிகள் வந்தன, அவற்றின் அமைப்பைக் கொண்டு சுமார் 12,000 ஆண்டுக்கு முற்பட்டவை எனக் கணித்தார்கள். ரோமானியச் சாடிகளின் உடைந்த ஓடுகளும், கண்ணாடி மணிகளும் அதே ஊரிலே கிடைத்தன. கார்களை ஏற்றுமதி செய்யும் மண் அன்றைக்கே கடல்கடந்த சரக்கைப் பார்த்திருக்கிறது!

இங்கே பகுத்தறிவாளன் சற்று நிற்கவேண்டும். 15 இலட்சம் ஆண்டுக்கு முன்னே கோடரி செதுக்கியவன் நம்மைப் போன்ற மனித இனத்தவன்கூட அல்லன். அதற்கும் முந்தைய இனத்தவன். அவனுக்கு மொழி இருந்ததோ இல்லையோ, இருந்தாலும் அது தமிழாக இருந்திருக்க வழியில்லை. அவனைப் பிடித்து வந்து 'எங்கள் பாட்டன்' என்று மீசை முறுக்குவது, புராணிகன் தன் குலத்தைச் சூரியனிலிருந்து இறக்கிக் காட்டுவதற்கு ஒப்பான வேலை. நமது மேடைகளிலும் சிலர் இதைச் செய்கிறார்கள். கேட்கும்போது நாணம் வருகிறது. அந்தக் கல்லுக்குச் சாதியில்லை, பட்டாவில்லை, மொழியில்லை. அதனால்தான் அது முதற்காட்சியாக நிற்கத் தகும்.

அடுத்த காட்சி சற்றே பழக்கமானது. பல்லவன் நரசிம்மன் சாளுக்கியன் புலிகேசியைத் தோற்கடித்த களங்களிலே ஒன்று மணிமங்கலம். கூரம் செப்பேடு சொல்கிறது. ஒரகடத்திலிருந்து பேருந்திலே சிறிது நேரத்தில் போய்விடலாம். ஏழாம் நூற்றாண்டுப் போர். யானைகள், குதிரைகள், வெற்றி முழக்கம். மன்னர்களின் பெயர் இருக்கிறது. மிதிபட்ட பயிர் யாருடையதென்ற பேச்சே செப்பேட்டில் இல்லை. போகட்டும், மன்னர்களிடம் அதை எதிர்பார்ப்பானேன்?

உத்தரமேரூருக்கு வருவோம். குடவோலை! மேடைதோறும் முழங்குகிறோம், பாடநூலிலே படமே போட்டிருக்கிறோம், நானும் கரும்பலகையிலே குடம் வரைந்து காட்டியிருக்கிறேன். 919, 921ஆம் ஆண்டுகளிலே பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. வாரியத்துக்குப் பெயர் எழுதப்படும் தகுதி என்ன? கால்வேலிக்கு மேற்பட்ட, இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையிலே கட்டிய வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். ஊரின் பெயரோ சதுர்வேதி மங்கலம். ஆக, நிலம் ஒன்று, வேதமொழி ஒன்று, பிறப்பு ஒன்று. மூன்றும் கூடியவன் பெயரே குடத்துக்குள் விழும். நாற்று நட்டவள் பெயர் குடத்தருகேயும் வராது. கணக்குத் தணிக்கைக்கும் பதவிக்கால வரையறைக்கும் அங்கே அருமையான விதிகள் இருந்தன, மறுக்கவில்லை. அவற்றை மட்டும் பிரித்தெடுத்து உலகின் முதல் மக்களாட்சி என்று கூவுவதுதான் உறுத்துகிறது.

அதே கல்வெட்டிலே ஒரு சொல் இருக்கிறது. கவனியுங்கள். அந்த ஊர் 12 சேரிகளாகவும் 30 குடும்புகளாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. சேரி! அந்தணர் வாழ்ந்த தெருத்தொகுதிக்குப் பெயர் சேரி. சேர்ந்து வாழும் இடம் சேரி. அவ்வளவுதான் சொல்லின் பொருள். அதே சோழர் காலத்திலே, இராசராசன் கல்வெட்டிலே, பறைச்சேரி, கம்மாணச்சேரி என்பவற்றோடு தீண்டாச்சேரியும் தலைகாட்டிவிட்டது. பின்னாளிலே அந்தணர் குடியிருப்பு அக்கிரகாரமாயிற்று. மற்றவர் குடியிருப்பு தெருவாயிற்று, ஊராயிற்று. சேரி என்ற பொதுச்சொல் ஒரே மக்கள்தொகுதியின் தலையிலே சுமத்தப்பட்டது. நிலத்தைப் பறித்தவன் கடைசியிலே சொல்லையும் பறித்துக்கொண்டு, தனக்கு வேண்டாதபோது திருப்பி எறிந்தான்! ஒரு சொல்லின் பயணத்தைத் திரையிலே காட்டமுடியுமானால் இதைக் காட்டவேண்டும்.

இனி நம் மாவட்டத்தின் மிகப் பெரிய காட்சிக்கு வருகிறேன். இதிலே தங்கி நிற்கப் போகிறேன், பொறுத்தருளுங்கள்.

எல்லீசன் என்று நாம் அன்போடு அழைக்கும் பிரான்சிசு வைட் எல்லிசு, 1810ஆம் ஆண்டு முதல் சென்னையிலே கலெக்டர். திருவள்ளுவர் உருவம் பொறித்த நாணயத்தோடு அவர் பெயரை இணைத்துப் பேசுகிறோம்; கிணறு வெட்டித் தமிழிலே கல்வெட்டுப் பொறித்தவர். 1812ஆம் ஆண்டிலே சென்னையிலே கல்லூரி அமைத்து, வெள்ளை அலுவலர் தென்மொழிகளைக் கற்க வழி செய்தார். 1816ஆம் ஆண்டிலே கேம்பல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு ஒரு முன்குறிப்பு எழுதினார். அதிலேதான் அந்த வெடி இருந்தது: தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் துளுவும் ஒரு தாய் வயிற்று மொழிகள்; இவை வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல! எல்லா இந்திய மொழிக்கும் வடமொழியே தாய் என்று வெள்ளைப் பேரறிஞர்களே நம்பியிருந்த நேரம் அது. வேர்ச்சொற்களை வரிசையாக வைத்து ஒப்பிட்டுக் காட்டினார். அந்த வேர்ச்சொல் வேலையிலே பட்டாபிராம சாத்திரி போன்ற உள்நாட்டுப் புலவர்களின் உழைப்பும் கலந்திருந்தது. பார்ப்பனப் புலவரும் அந்த மெய்ம்மைக்குத் தோள் கொடுத்தார் என்பதை மறைக்க நமக்கு என்ன தேவை? மெய்ம்மைக்குக் குலமில்லை. கால்டுவெல் பெருமகனார் ஒப்பிலக்கணம் வெளியிட்டது 1856ஆம் ஆண்டிலே. அதற்கு 40 ஆண்டு முன்னரே எல்லீசன் வாயிலைத் திறந்துவிட்டார். தாமசு டிரவுட்மன் என்னும் வரலாற்றாசிரியர் 2006ஆம் ஆண்டிலே இதைப்பற்றி ஒரு முழுநூலே எழுதியிருக்கிறார்.

இதுவரை நாம் பெருமையோடு சொல்லுவது. இனி சொல்லாமல் விடுவதைச் சொல்கிறேன்.

அதே எல்லீசன், அதே ஆண்டுகளிலே, இன்னொரு நூலும் எழுதினார். அரசு கேட்ட 17 கேள்விகளுக்கு விடை. 1818ஆம் ஆண்டிலே அச்சேறிற்று. பொருள்: தொண்டை மண்டலத்து மிராசு உரிமை. நமது திருப்பெரும்புதூரும் ஒரகடமும் உட்பட்ட செங்கற்பட்டு நிலம் யாருக்குச் சொந்தம் என்பதே வழக்கு. மிராசு என்பது அரபிலிருந்து வந்த சொல்; வாரிசு வழிச் சொத்து என்று பொருள். தமிழிலே காணியாட்சி. ஊர் நிலத்தைப் பங்கு பங்காக வைத்திருப்பவர் மிராசுதார். அவருக்குக் கீழே உள்குடிப் பயிர்க்காரர். ஊர்விட்டு ஊர் வந்து பயிரிடும் புறக்குடிகள். எல்லாருக்கும் கீழே, மண்ணோடு கட்டுண்ட பண்ணையாட்கள். அந்தப் பண்ணையாட்களிலே பலர் அடிமைகளே என்பதை அக்காலத்து வருவாய்த்துறைத் தாள்களே ஒப்புக்கொள்கின்றன. அடிமை முறைக்குச் சட்டப்பாதுகாப்பு இல்லை என்று அறிவிக்கவே 1843ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

மிராசு உரிமைக்கு என்ன ஆதாரம்? முன்னோர் கதை! தொண்டை நாடு ஒருகாலத்தில் குறும்பர் வசமிருந்ததாம். ஆதொண்டன் என்ற சோழ இளவல் குறும்பரை வென்றானாம். காடு திருத்த வேளாளரைக் கொண்டுவந்து குடியேற்றிக் காணியாட்சி வழங்கினானாம். ஆகவே அவர் வழிவந்தோருக்கு இம்மண் என்றைக்கும் உரியதாம். கதையை எல்லீசன் தாமாகக் கட்டவில்லை. ஊரிலே வழங்கியதை, செல்வாக்குள்ளவர் வாயிலிருந்து கேட்டதை, கற்றவர் எழுதித் தந்ததைத் தொகுத்தார். கும்பினி அதிகாரிகளின் கண்மூடித்தனமான வரிவிதிப்பிலிருந்து ஊராரின் பழைய உரிமையைக் காக்கவேண்டும் என்ற நல்லெண்ணமும் அவருக்கு இருந்தது. ஆனால் விளைவைப் பாருங்கள்! தோற்ற குறும்பனுக்கு வாரிசு இல்லையா? காடு திருத்தியபோது மரம் வெட்டியது எந்தக் கை? அந்தக் கைக்குக் கதை இல்லை. கதை இருந்தும் கேட்பாரில்லை. முன்னோர் கதை உடையவன் கையிலே காணி. கதையற்றவன் கையிலே மண்வெட்டி!

ஒரே மனிதர், ஒரே மாவட்டம், சில ஆண்டு இடைவெளி. மொழி நூலிலே, நால்வருணத் தாய்மொழியின் தலைமையை உடைத்தார். நில நூலிலே, வருணம் கட்டிய படிக்கட்டைச் சட்டமாக எழுதினார். இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் எல்லீசனுக்கு மாலை போடுவது பாதி வரலாறு. மாலையை எடுத்துவிடச் சொல்லவில்லை. மாலையோடு அந்த இரண்டாவது நூலையும் படியுங்கள் என்கிறேன்.

காணி உரிமை தாளோடு நிற்கவில்லை. ஊரிலே தரிசு கிடக்கும். அரசிடம் மனுக்கொடுத்து வாங்கலாம் என்று சட்டம். சேரியிலிருந்து ஒருவன் மனுக்கொடுத்தால், முதலுரிமை எனக்கு என்று மிராசுதார் குறுக்கே வருவார். தாமும் உழமாட்டார், பிறனையும் உழவிடமாட்டார். ஏன்? தரிசு கிடைத்துவிட்டால் கூலிக்கு ஆள் வராதல்லவா! குடிசை நிற்கும் நத்தமும் அவர் கையிலே. எதிர்த்துப் பேசினால் குடிசை போகும். இதையெல்லாம் 1891ஆம் ஆண்டிலே விளக்கமாக எழுதி அரசின் முகத்திலே வைத்தார் செங்கற்பட்டு கலெக்டர் டிரெமென்கீர். 1892 செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்டோருக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. அவர்களன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்ற கட்டும் பின்னர் விதிகளிலே வந்தது. மாகாணம் முழுதும் 12 இலட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பஞ்சமி நிலம் என்று பெயர். பஞ்சமன், ஐந்தாமவன்! நிலம் கொடுத்தபோதும் வருண எண்ணைப் பெயரிலே குத்திக் கொடுத்தார்கள்.

அதே 1891ஆம் ஆண்டிலே அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாசன சபையைத் தோற்றுவித்தார். கடைசியிலே நிறுத்தப்பட்டவர்களே இம்மண்ணின் பூர்வத் தமிழர் என்று முழங்கினார். முன்னோர் கதை என்னும் ஆயுதத்தை மிராசுதார் கையிலிருந்து பிடுங்கித் திருப்பிய செயல் அது! அவர் சொன்ன வரலாற்றின் ஒவ்வொரு துணுக்கும் இன்றைய ஆராய்ச்சிக்கு நிற்குமா என்று கேட்பவர் கேட்கட்டும். ஆதொண்டன் கதை நின்றதா? நிலம் மட்டும் நின்றதே! திராவிடம் என்ற கருத்து, எல்லீசன் குறிப்பிலிருந்து தொடங்கிக் கால்டுவெல் ஏட்டைக் கடந்து, சேரி மனிதன் கையிலே அமைப்பாக மாறியது அன்றுதான். 1907ஆம் ஆண்டிலே 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டைத் தொடங்கினார். ஒரு பைசா! விலையிலேயே வாசகன் யாரென்று தெரிகிறதல்லவா?

கால்டுவெல் ஏடு என்றேன். அதிலே ஒரு சிறு நிகழ்ச்சி. 1875ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பின் பிற்சேர்க்கையிலே, பறையர் திராவிடரா என்ற கேள்வியை எழுப்பி, ஆம், திராவிடரே என்று நிறுவியிருந்தார் அவர். 1913ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பு வந்தபோது அந்தப் பகுதி காணாமற்போயிற்று. பதிப்பாளர் நீக்கிவிட்டனர். தேவையற்றது என்று எண்ணினார்களாம்! மூன்று தலைமுறை அறிஞர் அந்தக் குறைந்த பதிப்பையே கையிலே வைத்துக்கொண்டு திராவிடம் பேசினார்கள். நம் காலத்திலேதான் கவிதாசரண் என்னும் சிற்றிதழாளர் பழைய பதிப்பை முழுமையாக மறுபடி அச்சிட்டு அந்தப் பக்கங்களை நம் கையிலே தந்தார். ஹில்லரின் கறுப்புத் திரையை நான் நினைத்துக்கொண்டது இதைப் படித்த இரவில்தான். மொழி சாவது பேசுவோர் இறப்பதால் மட்டுமா? அச்சகத்திலே, திருத்தப் பதிப்பிலே, மெல்ல ஒரு பக்கத்தை உருவிவிட்டாலும் போதும்.

பஞ்சமி நிலத்தின் பிற்கதை எல்லாரும் அறிந்தது. விற்கக்கூடாத நிலம் விற்கப்பட்டது. எழுதக்கூடாத பத்திரம் எழுதப்பட்டது. மாமல்லபுரத்தை அடுத்த காரணையிலே அந்த நிலத்தை மீட்கக் கிளம்பிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டிலே காவல்துறை சுட்டது. ஜான் தாமசு, ஏழுமலை என்ற இரு இளைஞர் வீழ்ந்தனர். மொழிக்காக வீழ்ந்தவர் பெயர்களை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லுகிறார்கள். இந்த இரு பெயர்களை என் வகுப்பிலே கேட்டேன். நாற்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அது அவர்கள் குற்றமா?

இதற்கெல்லாம் இருட்டறை எதற்கு, கட்டுரை போதாதா என்று தோழர் ஒருவர் கேட்டார். போதாது என்றேன். கட்டுரை, பத்திரம் எழுதுபவனின் மொழியிலே நடக்கிறது. 1816 முதல் 1892 வரை இந்த நிலத்தைப்பற்றி எழுதியவர்கள் எல்லாரும் எழுத்தறிந்தோர். எழுத்தறியாதார் பேச்சு அதிலே மனுவாகவோ வாக்குமூலமாகவோதான் நுழைந்தது. திரையும் ஒலியும் அந்தக் கதவைச் சற்றே அகலத் திறக்கின்றன. பேசுகிறவர் தம் குரலிலே பேசலாம், தயங்கலாம், சிரிக்கலாம். நெல்லை அமர் கன்வர் சான்றாக வைத்ததுபோல, இங்கே கழனியின் பெயரைச் சான்றாக வைக்கலாமே!

இப்படி நினைத்துக்கொண்டிருந்தவன், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலே மூத்தவர் யாரையாவது, கைப்பேசியிலே, அவர் வேலை செய்த நிலத்தைப்பற்றிப் பேசவைத்துப் பதிந்து வாருங்கள் என்றேன். பெரும்பாலோர் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கொண்டுவந்தார்கள். சிலர் சினிமாப் பாட்டையும் பின்னணியிலே சேர்த்திருந்தார்கள். ஒரு பையன், அந்த ஒடியாச் சிறுவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, தன் பாட்டியை ஆலைச் சுவர் ஓரத்துக்கே கூட்டிப் போயிருக்கிறான். சேரியிலே பிறந்து வளர்ந்தவர், எழுபது தாண்டியிருக்கும். வகுப்பறைச் சன்னல்களைச் சாக்குப் படுதாவால் மூடி, பள்ளியிலிருந்த ஒளிவீழ்த்தியிலே அதைச் சுவரிலே காட்டினேன். நாற்பது பிள்ளைகளும் மூச்சுவிடவில்லை.

பாட்டி சுவரைக் காட்டிச் சொல்லிக்கொண்டே நடக்கிறார். ஏரிக்கரைக் கழனி இங்கே. பனைமரத்து மேடு அதோ, அந்தக் காவல் கூண்டு இருக்கிற இடம். அதற்கப்பால் களர்த்துண்டு, அங்கே சம்பா வராது, நவரை மட்டும் ஏதோ வரும். லாரிகள் நிற்கிற இடத்திலே சொர்ணவாரிப் பட்டத்துக்கு நாற்றங்கால். ஒவ்வொரு கழனியிலும் நடவுக்கு எத்தனை ஆள், தண்ணீர் எந்த மடையிலே வரும், பாம்பு எந்த வரப்பிலே இருக்கும், எல்லாம் வருகிறது வாயிலே, தடையில்லாமல். கான்கிரீட்டுக்கு அடியிலே இருப்பதை அவர் கண் பார்த்துக்கொண்டே போகிறது.

"இதுல எது பாட்டி நம்முளுது?" என்று பேரன் கேட்கிறான்.

பாட்டி சிரித்துவிட்டார். "நம்முளுதா? நம்முளுது ஏதுடா? நட்டது நாம. அவ்ளோதான்" என்றார். பிறகு பக்கத்திலே நின்ற சிறுவனைப் பார்த்து, "ஏன் தம்பி, உங்க ஊர்ல கழனிய என்னான்னு சொல்வாங்க?" என்று கேட்டார்.

"பில" என்றான் அவன்.

"பில்லா? கடையில குடுக்கறதா?"

அவன் இல்லையென்று தலையாட்டிவிட்டு, மீண்டும் மெதுவாக, எழுத்தெழுத்தாகச் சொன்னான். பாட்டி அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், ஒருமுறை, இன்னொருமுறை. மூன்றாவது முறை சரியாக வருவதற்குள், கைப்பேசியிலே இடம் தீர்ந்து படம் நின்றுவிட்டது.